செட் ஆகாத அகராதிகள்

ஒரு கேள்வி. யோசிக்காமல் பதில் சொல்லுங்கள். ‘செட்’ என்கிற ஆங்கில வார்த்தைக்குத் தமிழில் என்ன அர்த்தம்?

‘தொகுப்பு’ என்பீர்கள். கணக்கு வாத்தியாரிடம் குட்டு வாங்கியவர் என்றால் ‘கணம்’ என்பீர்கள். இன்னும் கொஞ்சம் விவரமானவர் ‘அமைப்பது’ என்பார். மூன்றுமே சரி. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் உங்களை நீங்களே குறைத்து எடைபோட்டுக்கொள்கிறீர்கள். உங்களுக்கு ‘செட்’டுக்குக் குறைந்தது ஒரு டஜன் அர்த்தம் தெரியும். எந்த கோர்ஸுக்கும் பணம் கட்டாமல் தெரியும்.

நம்பிக்கை இல்லையா? மயிலாப்பூரிலிருந்து ஆரம்பிப்போம். நவராத்திரி சமயத்தில் வடக்கு மாட வீதியில் நடந்து பாருங்கள். “ஏம்ப்பா, தசாவதாரம் செட் எவ்வளவு?” “முழு செட்டா எடுத்தா குறைச்சுத் தரேன்மா. தனித்தனியா பிரிக்க மாட்டேன்.” இங்கே செட் என்றால் ஒன்று குறைந்தாலும் மதிப்பு போய்விடுகிற தொகுதி. ஒன்பது அவதாரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அங்கிருந்து தி.நகர். உஸ்மான் ரோடு நகைக் கடையில் ‘நெக்லஸ் செட்’ என்றால் கழுத்துக்கும் காதுக்கும் ஒரே டிசைன். பசித்தால் ஹோட்டலில் செட் தோசை. கோடம்பாக்கம் பக்கம் போனால் கோடி ரூபாயில் போட்டு, ஒரே பாட்டு எடுத்துவிட்டுப் பிரித்துப்போடுகிற செட். ஊர்ப்பக்கம் மைக் செட், பம்ப் செட். வீட்டுக்குள் செட்டாப் பாக்ஸ். 2003 செப்டம்பரில் சென்னையில் மட்டும் புது கேபிள் முறை வந்தபோது, அந்தப் பெட்டியின் பெயரைச் சொல்லாத வாய் இந்த நகரத்தில் இல்லை.

1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கத்தில் நடந்த டென்னிஸ் போட்டியைப் பார்த்தவர்களுக்கு, செட் என்றால் ஆறு கேம். ரம்மி ஆடுகிறவருக்கு மூன்று ராஜா சேர்ந்தால் செட். பரீட்சை ஹாலில் ‘செட் ஏ’, ‘செட் பி’. ஸ்போர்ட்ஸ் டேயில் ‘கெட் செட்’ என்றால் தயாராக நில். காலையில் அஞ்சு மணிக்கு எழுந்திருக்க அலாரம் செட். தளம் போட்ட மேஸ்திரி, “சிமென்ட்டு செட் ஆகட்டும் சார், கால் வைக்காதீங்க” என்கிறார். “அவன் நம்ம செட்டுடா” என்றால் கூடப் படித்தவன், கூடச் சுற்றியவன். கடைசியாக, இந்தத் தலைமுறையின் தேசிய கீதம்: “எனக்கும் அதுக்கும் செட் ஆகலை.”

எண்ணிப் பாருங்கள். டஜன் தாண்டிவிட்டது. ஒன்றையாவது நீங்கள் மனப்பாடம் செய்தீர்களா?

இப்போது எதிர்ப் பக்கத்துக்கு வருவோம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-ல் இருபது தொகுதிகளாக வந்தது. அதில் மிக நீளமான பதிவு ‘செட்’தான். சுமார் 430 அர்த்தங்கள், 60,000 வார்த்தைகள். அதாவது ஒரு சொல்லுக்கு ஒரு நாவல். பிற்பாடு அகராதியைத் திருத்தி எழுதியபோது ‘ரன்’ என்ற சொல் முந்திக்கொண்டது. அதன் வினைச்சொல்லுக்கு மட்டும் 645 அர்த்தம் என்று 2011-ல் செய்தி வந்தது. அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்ட, பதிப்பாசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. பிரசவக் கணக்குதான்!

இந்த எண்களைக் கேட்டால் ஒரு மொழி ஆர்வலருக்குச் சந்தோஷம் வரும். ஆங்கிலம் கற்றுக்கொள்ளத் திணறுகிற ஒருவருக்கு? பயம் வரும். ‘ஒரு வார்த்தைக்கே 430 என்றால், நான் எப்போ கத்துக்கறது?’ இந்தப் பயத்தை வைத்துத்தான் நம் ஊரில் ஒரு பெரிய வியாபாரமே நடக்கிறது. இந்த வாரம் என் குறை அந்த வியாபாரத்தின் மீதுதான்.

பனகல் பார்க்கைச் சுற்றி ஒரு ரவுண்டு வாருங்கள். ஏதாவது ஒரு மாடிப்படியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு கண்ணில் படும். நடைபாதையில், ரயில் நிலையத்தில், ‘இத்தனை நாளில் சரளமாக ஆங்கிலம்’ வகைப் புத்தகங்கள் கிடைக்கும். எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். நல்ல ஆசிரியர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் பெரும்பாலானவற்றில் பாடத்தின் வடிவம் ஒன்றுதான். இடது பக்கம் ஆங்கிலச் சொல். வலது பக்கம் தமிழ்ச் சொல். நடுவில் ஒரு கோடு. தினமும் இருபது, மாதம் அறுநூறு.

பி.காம். படித்தவனுக்கு இதைப் பார்த்ததும் பேரேடு ஞாபகம்தான் வருகிறது. இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு, கடைசியில் டேலி ஆக வேண்டும். பணம் டேலி ஆகும். வார்த்தை ஆகாது. ‘செட் = தொகுப்பு’ என்று எழுதிய மறு நிமிடமே, ‘சன் செட்ஸ்’ என்று ஒரு வாக்கியம் வந்து கணக்கைக் குலைத்துவிடும். சூரியன் தொகுக்கிறதா?

சிரிப்பாகத்தான் இருக்கிறது, நேர்முகத் தேர்வு அறைக்குள் போகும்வரை. கடலூரிலிருந்தோ, செய்யாறிலிருந்தோ ஒரு பெண் வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் மீடியம். பி.காமில் நல்ல மார்க். அடையாறில் ஒரு ஹாஸ்டலில் தங்கி, இரண்டு மாதம் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் போய், நோட்டில் ஆயிரத்து இருநூறு வார்த்தை எழுதி வைத்திருக்கிறாள். எதிரே உட்கார்ந்திருப்பவர் சிரித்த முகத்தோடுதான் கேட்கிறார்: “வாட் செட்ஸ் யூ அபார்ட்?”

வாட் தெரியும். யூ தெரியும். ‘அபார்ட்’ நோட்டில் இருக்கிறது: ‘தனியாக.’ செட் இருக்கிறது: ‘தொகுப்பு, அமை.’ கூட்டினால் என்ன வருகிறது? ‘உன்னை எது தனியாக அமைக்கிறது?’ எதுவும் வரவில்லை. அவள் மௌனமாகிறாள். ‘கம்யூனிகேஷன் போதாது’ என்று ஒரு டிக். இத்தனைக்கும் அவர் கேட்டது, ‘மத்தவங்ககிட்ட இல்லாத எது உன்கிட்ட இருக்கு?’ என்பதுதான். அதைத் தமிழில் கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பாள். வேலை போனது அவளுக்கு அறிவு இல்லாததால் அல்ல. நோட்டில் நடுவில் போட்ட அந்தக் கோட்டால்.

சரி, அகராதிகள் என்ன செய்தன? நியாயமாகப் பேசுவோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் வெளியிட்ட ‘ஆங்கிலம்-தமிழ் சொற்களஞ்சியம்’ ஒரு பெரிய உழைப்பு. அறிவியல், சட்டம், நிர்வாகம் என்று எதை மொழிபெயர்த்தாலும் பத்திரிகைக்காரர்கள் அந்தக் கனமான புத்தகத்தைத்தான் தூக்க வேண்டியிருந்தது. அப்புறம் தி.நகர் லிஃப்கோ. நடுத்தரக் குடும்பத்து அலமாரியில் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு லிஃப்கோ டிக்‌ஷனரி இருந்த காலம் ஒன்று உண்டு. இரண்டுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அவை யாருக்காகச் செய்யப்பட்டவை? படிக்கிறவருக்காக. கையில் ஏற்கெனவே ஓர் ஆங்கில வாக்கியம் இருக்கிறது. அதில் ஒரு சொல் இடிக்கிறது. அகராதியைத் திறக்கிறார். வரிசையாகப் பத்துத் தமிழ்ச் சொற்கள். வாக்கியத்துக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்கிறார். வேலை முடிந்தது. பேச வேண்டியவரின் நிலைமை வேறு. அவர் கையில் வாக்கியமே இல்லை. அதைத்தான் அவர் தேடுகிறார். அவரிடம் அதே பத்துச் சொற்களைக் கொடுத்தால் எதை எங்கே வைப்பார்? குற்றம் அகராதியின் மீது இல்லை. அதிலிருந்து நாலு சொல்லைப் பிய்த்து எடுத்து, ‘பேச்சு ஆங்கிலம்’ என்று அட்டை போட்டு விற்பவர் மீதுதான்.

இதில் எனக்கு ஆதங்கம் என்னவென்றால், இந்தச் சிக்கலுக்கு வழி எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அதுவும் நம் பக்கத்திலேயே. மைக்கேல் வெஸ்ட் என்று ஒரு வெள்ளைக்காரர். பிரிட்டிஷ் காலத்தில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடத்தியவர். வங்காளத்துப் பிள்ளைகள் இங்கிலீஷோடு படுகிற பாட்டைப் பார்த்து, எந்த வார்த்தையை முதலில் சொல்லித் தருவது என்று வாழ்நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டவர். 1953-ல் அவர் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2,000 சொற்கள். அந்தப் பட்டியலின் சிறப்பு எண்ணிக்கையில் இல்லை. ஒரு சொல்லின் எந்த அர்த்தம் எத்தனை சதவிகிதம் புழங்குகிறது என்றும் அதில் போட்டிருந்தார். 430 அர்த்தமும் சரிசமம் இல்லை. சில தினசரி வீட்டுக்கு வருகிற விருந்தாளி. பல, தாத்தா காலத்தில் ஒரு முறை வந்து போனது. முதலில் விருந்தாளியை அறிமுகப்படுத்து, மற்றவர்கள் தானாக வருவார்கள். அதுதான் வெஸ்ட்டின் கணக்கு.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி இன்னொரு வழியில் போனார். 1942-ல் டோக்கியோவில் வெளியான அவருடைய அகராதி, அர்த்தத்தோடு நிற்காமல், ஒரு வினைச்சொல் வாக்கியத்தில் எப்படி உட்காரும் என்றும் காட்டியது. 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட, உலகம் முழுக்க மாணவர் கைக்குப் போனது. 1987-ல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் குழு கம்ப்யூட்டரில் பெரிய மொழித் தொகுப்பை ஏற்றி, கோபில்ட் அகராதியைச் செய்தது. அதில் அர்த்தமே முழு வாக்கியமாக இருந்தது. ‘அமை’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், ‘நீங்கள் அலாரத்தை செட் செய்தால், குறிப்பிட்ட நேரத்துக்கு அது அடிக்கும்’ என்கிற பாணி. படிக்கிறவர் அர்த்தத்தோடு ஒரு வாக்கியத்தையும் சேர்த்து வீட்டுக்கு எடுத்துப் போகிறார்.

தமிழில் தமிழுக்கே இதைச் செய்து காட்டியவர்கள் உண்டு. 1992-ல் வந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’, இன்றைய எழுத்தில் ஒரு சொல் எப்படிப் புழங்குகிறது என்பதை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு தந்தது. தமிழ் தெரிந்தவருக்கே உதாரண வாக்கியம் தேவைப்படுகிறது என்றால், ஆங்கிலம் புதிதாகக் கற்கிறவருக்கு எத்தனை தேவை?

இப்போது ஒரு சந்தேகம் வரும். இத்தனை அர்த்தமும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்து சேர்ந்தது? கொஞ்சம் வரலாறு பார்த்தால் பாதிப் பயம் போய்விடும்.

‘சிட்’ என்றால் உட்கார். பழைய ஆங்கிலத்தில் அதிலிருந்து பிறந்த பிறவினைதான் ‘செட்’: உட்கார வை. தமிழில் ‘உண்’, ‘ஊட்டு’ மாதிரி. இந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி ஒரு சுற்று வாருங்கள். அலாரம் முள்ளை அஞ்சு மணியில் உட்கார வைக்கிறோம். விலையை ஒரு தொகையில் உட்கார வைக்கிறோம். நகைக் கடையில் கல்லைத் தங்கத்தில் உட்கார வைக்கிறார்கள். சிமென்ட் இளகி ஓடாமல் உட்கார்ந்துகொள்கிறது. உறை ஊற்றிய பால் தயிராக உட்காருகிறது. நகர்ந்த எலும்பை அதன் இடத்தில் உட்கார வைப்பதும் ஆங்கிலத்தில் செட்தான். சென்னையில் தெருவுக்குத் தெரு ‘புத்தூர் கட்டு’ போர்டு வைத்திருப்பவர் செய்கிற வேலை அது. சாயங்காலம் சூரியன் மேற்கே போய் உட்காருகிறான். ‘லைஃப்ல செட்டில் ஆயிட்டான்’ என்கிறோமே, அந்த ‘செட்டில்’ கூட இதே குடும்பம்தான். ஆங்கிலத்தின் பழைய ‘இருக்கை’யிலிருந்து வந்தது.

தசாவதார செட்டும், ‘நம்ம செட்’டும் மட்டும் இதில் முழுசாகச் சேராது. கூட்டம் என்கிற அந்த அர்த்தத்துக்குப் பின்னால் வேறு ஒரு பாட்டன் இருக்கிறார். லத்தீனில் ‘செக்டா’, அதாவது ஒருவரைப் பின்பற்றும் கூட்டம். அது பழைய பிரெஞ்சு வழியாக வந்து, ஆங்கில ‘செட்’டோடு கலந்துவிட்டது. இரண்டு ஆறு ஒரே பெயரில் ஓடுகிறது, அவ்வளவுதான்.

இது ஆங்கிலத்தின் கிறுக்குத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் செட்டுக்குத் தமிழ் ‘கணம்’. பூத கணம், கணபதி என்று கபாலி கோயில் வாசலில் தினமும் கேட்கிற சொல்தான். ‘ஒரு கணம் நில்லுங்க’ என்கிறோமே, அந்தக் கணம்? அது வேறு. முதல் கணம் ‘கண’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது, கூட்டம். இரண்டாவது ‘க்ஷண’த்திலிருந்து வந்தது, நொடி. இரண்டும் தமிழுக்கு வந்து ஒரே உருவம் எடுத்துவிட்டன. நீங்கள் என்றைக்காவது குழம்பியிருக்கிறீர்களா? ‘ஒரு கணம் நில்லுங்க’ என்றதும் எந்தக் கணம் என்று அகராதியைத் தேடினீர்களா? கூடவே வந்த ‘நில்லுங்க’ காட்டிக்கொடுத்துவிட்டது.

இதுதான் விஷயம். சொல்லின் அர்த்தம் சொல்லுக்குள் மட்டும் இல்லை. அது யார் கூடச் சுற்றுகிறது என்பதில் இருக்கிறது. பிள்ளைகளைப் பற்றி வீட்டில் சொல்வார்களே, அதேதான். இதை ஒரு கொள்கையாகவே சொன்ன மொழியியல் அறிஞர் ஜே.ஆர். ஃபிர்த், 1920-களில் லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். டாக்கா, லாகூர் என்று நம்மைச் சுற்றி வேலை பார்த்தவர்களுக்கு இது உறைத்திருக்கிறது. நம் மாடிப்படி கிளாஸ்களுக்கு இன்னும் உறைக்கவில்லை.

கூட்டாளி மாறினால் அர்த்தம் தலைகீழாகும் என்பதற்கு ஓர் உதாரணம். ‘செட் அசைட்.’ சம்பளத்தில் மாதம் ஆயிரம் ரூபாயை செட் அசைட் செய்தால், பத்திரமாக ஒதுக்கி வைக்கிறீர்கள். உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவை செட் அசைட் செய்தால், அது செல்லாது என்று தூக்கி எறிகிறது. முன்னதில் காப்பாற்றுகிறது, பின்னதில் காலி செய்கிறது. கூட்டாளி பணமா, உத்தரவா என்று பார்க்காமல் நோட்டில் ‘ஒதுக்கு’ என்று மட்டும் எழுதி வைத்தவர், ‘உத்தரவைக் கோர்ட் ஒதுக்கி வைத்தது’ என்று எழுதுவார். படிப்பவர் தீர்ப்பு தள்ளிவைப்பு என்று நினைப்பார். இரண்டும் வேறு வேறு. வழக்குப் போட்டவருக்கு அது ஜெயித்ததா, காத்திருக்கிறதா என்கிற வித்தியாசம்.

‘செட் ஆஃப்’ இன்னும் சுவாரஸ்யம். காலையில் ஊருக்குக் கிளம்பினால் செட் ஆஃப். தீபாவளிக்கு வெடியைக் கொளுத்தினாலும் செட் ஆஃப். ஒரு வருமானத்தில் வந்த நஷ்டத்தை இன்னொரு லாபத்தில் கழித்துக்கொள்வதற்கும், வருமான வரிக்காரர்களின் பாஷையில் செட் ஆஃப். கல்லூரியில் மூன்றாவதை மட்டும்தான் எங்களுக்குப் படிக்க வைத்தார்கள். முதல் இரண்டும் சிலபஸில் கிடையாது.

இதற்கு மேல் ஒரு பள்ளம் இருக்கிறது. நான் பார்த்தவரை எந்தக் கையேடும் அங்கே சிவப்புக் கொடி நடுவதில்லை. ஆங்கிலத்திலிருந்து வாங்கிய ‘செட்’டுக்கு நாமே புது அர்த்தம் கொடுத்து வைத்திருக்கிறோம். ‘இந்த கலர் எனக்கு செட் ஆகலை’ என்றால் பொருந்தவில்லை. தமிழில் அழகான பிரயோகம். அதை வைத்து யாரும் யாரையும் கேலி செய்ய வேண்டியதில்லை. இரவல் வாங்கிய பாத்திரத்தில் நம் வீட்டுக் குழம்பை வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் அதே ஆள் ஆங்கிலம் பேசும்போது, “திஸ் கலர் இஸ் நாட் செட் ஃபார் மீ” என்பார். கேட்கிற இங்கிலீஷ்காரர் முழிப்பார். அங்கே பொருந்துவதற்கு ‘சூட்’ என்று வேறு சொல். ‘செட்டப்’பும் அப்படித்தான். அங்கே ‘நைஸ் செட்டப்’ என்று ஒருவர் உங்கள் ஆபீஸைப் பாராட்டலாம். இங்கே ‘அவருக்கு ஒரு செட்டப் இருக்கு’ என்றால், அந்த வீட்டில் அன்று இரவு சாப்பாடு கிடையாது!

ஆக, தமிழருக்கான ஆங்கில அகராதி, வேறு மொழிக்காரருக்கான அகராதியைப் பார்த்துக் காப்பி அடித்ததாக இருக்க முடியாது. நம் தெருவில் ஏற்கெனவே என்ன புழங்குகிறது, அதில் எது ஆங்கிலத்திலும் செல்லும், எது இங்கே மட்டும் செல்லும் என்று பிரித்துக் காட்ட வேண்டும். ‘உங்களுக்கு ஏற்கெனவே இவ்வளவு தெரியும்’ என்று ஆரம்பிக்கிற புத்தகமும், ‘உங்களுக்கு 430 தெரியாது’ என்று மிரட்டுகிற புத்தகமும் ஒன்றல்ல. முதல் புத்தகம் படிக்கிறவரை நாற்காலியில் உட்கார வைக்கிறது. இரண்டாவது, பெஞ்சு மேல் நிற்க வைக்கிறது.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு, தி.நகர் ஹோட்டல்களைக் காட்டுவேன். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த தம்பிகள் சப்ளை செய்கிறார்கள். வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. ‘போடு’ என்று ஒரு தமிழ்ச் சொல். தோசை போடு, காபி போடு, ஃபேன் போடு, பில் போடு, இலை போடு, கையெழுத்துப் போடு, சட்டை போடு, சண்டை போடாதே. ஒவ்வொன்றிலும் வேறு வேறு வேலை. அகராதியில் பார்த்தால் அந்தத் தம்பி மிரண்டு அடுத்த ரயிலில் ஊருக்குப் போய்விடுவான். அவன் பார்க்கவில்லை. “ஃபேன் போடுப்பா” என்றதும் சுவிட்ச் பக்கம் போகிறான். “ரெண்டு தோசை போடச் சொல்லு” என்றதும் சமையல்கட்டுப் பக்கம் போகிறான். எதிரே ஃபேன் இருந்தது, தோசைக்கல் இருந்தது, பசித்த கஸ்டமர் இருந்தார். அர்த்தம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

இதை வகுப்பறைக்குள் கொண்டுவர முடியுமா என்று பார்த்தவரும் சென்னையில் இருந்தவர்தான். இங்கே பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணப் பட்டியல், சொற்பட்டியல் எதுவும் முன்னால் நிற்காது. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியில் போகலாம் என்று கண்டுபிடிக்கச் சொல்வது, வரைபடத்தைக் கொடுத்து வழி சொல்லச் சொல்வது. பிள்ளைகளின் கவனம் வேலையில் இருக்கும். மொழி பின்வாசல் வழியாக வரும். குறைகளைச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் இன்றும் பேசப்படுகிற சோதனை அது. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. அதே நகரத்தில்தான் இன்னமும் நடுவில் கோடு போட்டு, தினம் இருபது வார்த்தை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சந்தைக்குப் போகும்போது லிஸ்ட் வேண்டும்தான். ஆனால் லிஸ்ட்டைத் தின்று பசி ஆறாது. நோட்டுப் போடுங்கள், நடுவில் கோடு போடாதீர்கள். ‘செட்’ என்று ஒரு பக்கத்துக்குத் தலைப்பு. கீழே, நீங்கள் காதால் கேட்ட, கண்ணால் பார்த்த முழு வாக்கியங்கள். ஒன்றைக் கேட்டால் ஒன்று. தமிழ் அர்த்தம் வேண்டுமென்றால் வாக்கியம் முழுசுக்கும் சேர்த்து எழுதுங்கள். நாலு வாக்கியம் சேர்ந்ததும் உங்களுக்கே தெரியும், இந்தச் சொல் யாரோடு சுற்றுகிற ஆசாமி என்று. ‘செட்ஸ் யூ அபார்ட்’ என்பதை ஒரே மூட்டையாக வாங்கி வைத்தவளுக்கு, எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்கும்போது பிரித்துக் கூட்டிப் பார்க்கிற வேலை இருக்காது. பதிலை மட்டும் யோசித்தால் போதும். அந்தப் பதில் அவளிடம் இருக்கிறது.

புத்தகம் வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. அடுத்த முறை நந்தனத்தில் புத்தகக் காட்சிக்குப் போகும்போது, ஆங்கிலம்-தமிழ் அகராதியோ, ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகமோ எடுத்தால், எத்தனை ஆயிரம் சொற்கள் என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். நேராக ‘செட்’ பக்கத்தைத் திறங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். தினசரி புழங்குகிற அர்த்தம் முதலில் வருகிறதா? ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒரு முழு வாக்கியம் இருக்கிறதா? நம் ஊர் ‘செட் ஆகலை’ ஆங்கிலத்தில் செல்லாது என்று எங்காவது ஒரு வரி எச்சரிக்கிறதா?

மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால் விலை பார்க்காமல் வாங்குங்கள். இரண்டுக்கு ‘ஆமாம்’ என்றால் பேரம் பேசி வாங்குங்கள். ஒன்றுமே இல்லையா? வைத்துவிட்டு வெளியே வாருங்கள். அந்தக் காசில் ஒரு சிநேகிதரைக் கூட்டிக்கொண்டு போய், ஆளுக்கொரு செட் தோசை சாப்பிட்டபடி, தப்போ ரைட்டோ, அரை மணி நேரம் இங்கிலீஷில் பேசலாம். அதில் வருகிற லாபம் அதிகம். பி.காம். படித்தவன் சொல்கிறேன், கணக்கு சரியாகத்தான் இருக்கும்.